கலுங்கு இல்லாத அணை: டாம் சாக் 2005, ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 2005 டிசம்பர் 14 அன்று, விடிகாலை ஐந்து மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில், மலை உச்சியில் இருந்த ஒரு நீர்த்தேக்கம் தன் சுவரைத் தாண்டி வழிந்தது. வழிந்த தண்ணீர் கரையின் அடியை அரித்தது, சுவர் சாய்ந்தது, கரை உடைந்தது, உள்ளே இருந்த தண்ணீர் அரை மணி நேரத்துக்குள் மலையை விட்டு இறங்கிவிட்டது. நிலநடுக்கம் கிடையாது, மழை வெள்ளமும் கிடையாது. தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டிருந்த பம்பு நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவில்லை. அதை நிறுத்த வேண்டிய வேலை ஒரு பி.எல்.சி.யிடம், அதாவது இயந்திரங்களை ஓட்டவும் நிறுத்தவும் புரோகிராம் எழுதி வைக்கிற ஒரு தொழிற்சாலைக் கணினியிடம், இருந்தது. அந்த பி.எல்.சி. பழுதாகவில்லை, தொங்கிப்போகவில்லை, எழுதியிருந்ததை எழுதியபடியே செய்தது.

நான் மதுரை கப்பலூர் பக்கம் கன்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு பட்டறையில் பி.எல்.சி. புரோகிராம் எழுதுகிறவன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு லேடர் லாஜிக், அதாவது ஏணி மாதிரிப் படம் வரைந்து பி.எல்.சி.க்குப் புரோகிராம் எழுதும் முறை, சொல்லித் தருவதற்கு முன்னால் இந்த டாம் சாக் கதையைத்தான் உட்காரவைத்துச் சொல்வேன். கல்லூரியில் நம்பகமான மென்பொருள் என்றால் பிழையில்லாத புரோகிராம், நல்ல டெஸ்டிங், அதோடு நிறுத்திவிடுகிறார்கள். இங்கே புரோகிராமில் பிழை என்று விரல் வைத்துக் காட்ட ஒரு வரிகூட இல்லை, ஆனாலும் அணை போய்விட்டது. உயிர் சம்பந்தப்பட்ட வேலைக்கு வருகிற பிள்ளைக்கு முதலில் இது உறைக்க வேண்டும்.

அது என்ன மாதிரி அணை

டாம் சாக் ஒரு நீரேற்று மின் நிலையம். நம் கடம்பாறை மாதிரி: மின்சாரம் மலிவாக, மிச்சமாக இருக்கும் இரவில் கீழ்த் தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றிவிட்டு, பகலில் தேவை கூடும்போது அதையே கீழே விட்டு டர்பைனைச் சுற்றுவார்கள். 1963-லிருந்து ஓடுகிறது, ஏமரன் என்ற மின் நிறுவனத்துக்குச் சொந்தம். மேல் தேக்கத்துக்கு ஆறு கிடையாது, ஓடை கிடையாது. மலை உச்சியில் பாறையைக் கொட்டிச் சுற்றிலும் கரை கட்டி, அதன்மேல் பத்து அடி உயரத்துக்கு ஒரு கான்கிரீட் சுவரும் எழுப்பியிருந்தார்கள். தண்ணீர் தினமும் அந்தச் சுவர்மீதும் ஏறி நின்றது.

அந்தக் கரைக்குக் கலுங்கு, அதாவது நிறைந்தால் தண்ணீர் தானே வழிந்து போகக் கட்டும் கல் வழி, கிடையாது.

மதுரையைச் சுற்றி இருக்கிற கண்மாய்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை. மண் கரை எதுவானாலும் கலுங்கு இல்லாமல் கட்டமாட்டார்கள். நிறைந்தால் எங்கே வழிய வேண்டும் என்பதைக் கட்டும்போதே கல்லால் முடிவு செய்துவிடுவார்கள், அப்புறம் நடுராத்திரியில் மழை கொட்டினாலும் யாரும் ஓடிப்போய் எதையும் திறக்க வேண்டாம், கண்மாய் தானே மறுகால் பாயும். டாம் சாக்கில் தண்ணீர் வருவதே பம்பு வழியாகத்தான், பம்பு நம் கையில்தானே இருக்கிறது, நிறுத்தினால் நின்றுவிடும், அப்புறம் கலுங்கு எதற்கு என்று வடிவமைத்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். அந்த ஒரு முடிவால், கல் செய்ய வேண்டிய காவல் வேலை முழுக்க அளவு பார்க்கும் கருவிகள் தலையிலும் பிற்பாடு மென்பொருள் தலையிலும் வந்து விழுந்தது. அளவுக் கருவி என்பது அதற்கு முன்னால் உற்பத்திக்கு உதவுகிற ஒரு சாமான், இப்போது கரையைக் காக்கிற ஒரே சாமான். அந்தப் பொறுப்பு மாறியதை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை, ஆகவே அதற்கேற்ற கவனமும் அதற்குக் கிடைக்கவில்லை.

மூன்று சென்சார், ஒரே கட்டு

2004 கடைசியில் தேக்கத்தின் கசிவைக் குறைக்க உள்பக்கம் முழுக்க ஒரு விரிப்பு போட்டார்கள், அதோடு நீர்மட்டம் பார்க்கும் கருவிகளையும் புதிதாக வைத்தார்கள். மூன்று அழுத்த சென்சார்கள். தண்ணீருக்குள் சரிவாக இறங்கும் நீண்ட பிளாஸ்டிக் குழாய்களுக்குள், அடி ஆழத்தில் தொங்கும். தனக்கு மேலே எத்தனை அடி தண்ணீர் நிற்கிறதோ அந்த அழுத்தத்தை அது அளக்கும், அதை வைத்து பி.எல்.சி. மட்டத்தைக் கணக்குப் போடும். ஒன்று தவறினாலும் மற்றவை இருக்கின்றன, சராசரி எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குழாய்களைச் சேர்த்து, கம்பி இழுத்துத் திருகுகளால் இறுக்கி ஒரே தாங்கலில் பிடித்திருந்தார்கள். தினமும் தண்ணீர் ஏறி இறங்குகிற வேகத்தில் அந்தக் கட்டு தளர்ந்தது, குழாய்கள் வளைந்தன, வளைந்ததால் உள்ளே இருந்த சென்சார்கள் மேலே இழுபட்டன. சென்சார் மூன்று அடி மேலே வந்தால் அதற்கு மேலே நிற்கும் தண்ணீர் மூன்று அடி குறைவு, ஆகவே மட்டமும் மூன்று அடி குறைவாகத் தெரியும். எல்லாம் சேர்ந்தே மேலே வந்ததால் எல்லாம் சேர்ந்தே ஒரே திசையில் பொய் சொல்லின, சராசரியும் அதே பொய்யைச் சொன்னது.

எங்கள் தொழிலில் பலர் வழுக்கும் இடம் இது. சென்சாரின் எண்ணிக்கையைக் கூட்டினால் பாதுகாப்பு கூடும் என்று விலைப்பட்டியலிலேயே எழுதிவிடுகிறார்கள். எண்ணிக்கை முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே குழாய்க்கட்டு, ஒரே மின் இணைப்பு, ஒரே உள்ளீட்டு அட்டை, ஒரே ஆள் எழுதிய ஒரே கணக்கு என்று இருந்தால் மூன்றும் ஒன்றுதான். ஒரு பேனல் வரைபடம் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது எந்த ஒற்றைப் பொருள் பழுதானால் எல்லாம் சேர்ந்து போகும் என்பதைத்தான். பெரும்பாலும் அது வரைபடத்திலேயே இருக்காது. டாம் சாக்கிலும் அது ஒரு திருகு.

அளவு தவறு என்று தெரிந்த பிறகு

2005 செப்டம்பர் 25 அன்று காலை, வேலைக்கு வந்தவர்கள் மேல் தேக்கத்தின் சுவரைத் தாண்டித் தண்ணீர் விழுவதைக் கண்ணால் பார்த்தார்கள். ரீட்டா புயலின் மிச்சக் காற்று அன்றைக்கு வீசியது, அலை அடித்துத் தண்ணீர் வெளியே போகிறது என்று காற்றின்மேல் பாதிக் காரணம் போயிற்று. சரி, சும்மாவும் இருக்கவில்லை. பம்பு நிற்க வேண்டிய மட்டத்தை இரண்டு அடி குறைத்தார்கள், கடல் மட்டத்திலிருந்து 1596 அடி என்று இருந்தது 1594 ஆயிற்று. அளவு குறைத்துக் காட்டுகிறது என்று தெரிந்ததால் புரோகிராமில் ஒரு சிறிய எண்ணைக் கூட்டியும் விட்டார்கள். அக்டோபர் தொடக்கத்தில் குழாய்கள் வளைந்திருப்பதையும் கண்டுபிடித்தார்கள். சரி செய்ய வேண்டும் என்றால் தேக்கத்தை இறக்க வேண்டும், உற்பத்தி நிற்கும், ஆகவே அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள்.

கூட்டிய அந்த எண்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. சென்சார் இருக்கிற இடத்தில் அப்படியே நிற்கிறது, ஒரு முறை தவறிவிட்டது, இனி நகராது என்றால் கூட்டல் திருத்தம் சரி. இங்கே குழாய் இன்னும் தளர்ந்துகொண்டே இருக்கிறது, அதாவது தவறு நாளுக்கு நாள் வளர்கிறது. வளர்கிற தவறுக்கு நிலையான எண்ணைக் கூட்டினால் அன்றைக்கு மட்டும் திரை சரியாகத் தெரியும். அதைவிட மோசம், திரையில் தெரிகிற எண் மறுபடி நம்பத்தக்கதாகிவிடும். மென்பொருளில் ஒரு எண்ணை மாற்றுவது ஒரு நிமிட வேலை, தண்ணீரை இறக்கித் திருகை இறுக்குவது பல நாள் வேலையும் பணமும். எந்தத் தொழிற்சாலையிலும் இந்தச் சபலம் வரும், எங்களிடமும் வாரம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். ஆகவே எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: பாதுகாப்புக்குப் பயன்படுகிற அளவில் திருத்த எண் கூட்டினால், ஏன் தவறியது என்ற காரணம் கண்டுபிடித்து எழுதியிருக்க வேண்டும். காரணம் தெரியாமல் கூட்டக் கூடாது.

கடைசிக் காவல் சுவருக்கு மேலே

அழுத்த சென்சார் தவறினாலும் காப்பாற்றுவதற்கென்று தனியாக இரண்டு ப்ரோப்கள், அதாவது தண்ணீர் பட்டால் மின்சாரம் கடக்கும் உலோக முனைகள், வைத்திருந்தார்கள். தண்ணீர் வந்து தொட்டால் மின்சுற்று மூடும், பம்பு நிற்கும். எளிமையானவை, சராசரி கிடையாது, கணக்கு கிடையாது. நல்ல யோசனை. அதில் இரண்டு காரியங்கள் நடந்துவிட்டன.

முதலாவது, அவை இருந்த உயரம். கொட்டிய பாறைக் கரை ஆண்டுகள் போகப்போக அமிழும், எல்லா இடத்திலும் ஒரே அளவில் அமிழாது. கட்டும்போது சுவரின் உச்சி 1599 அடி. 2005-ல் மிகவும் அமிழ்ந்த இடத்தில் அது ஏறத்தாழ 1597. ப்ரோப்களோ அந்த இடத்தின் உச்சியைவிட சில அங்குலம் மேலே நின்றன. அதாவது ப்ரோப்பைத் தண்ணீர் தொட வேண்டுமென்றால் அதற்கு முன்பே சுவர் வழிந்திருக்க வேண்டும்.

மதுரைக்காரர்களுக்கு வைகை அணையின் எண்கள் மனப்பாடம். 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது, முழு உயரம் 71. யானைக்கல் தரைப்பாலத்தை மூடுவார்களா, கரையோரம் இருக்கிறவர்கள் சாமானை எடுத்து வைக்க வேண்டுமா என்று அந்த எண்களை வைத்தே டீக்கடையில் பேசிக்கொள்வோம். எச்சரிக்கை மூன்றும் 71-க்குக் கீழே வரிசையாக நிற்பதால்தான் அதற்கு எச்சரிக்கை என்று பெயர். டாம் சாக்கில் அதே வரிசையை எழுதிப் பாருங்கள்: பம்பு நிற்கும் அளவு 1594, தாழ்ந்த சுவர் 1597, அதற்கும் மேலே கடைசிக் காவல். ஒரு தாளில் இந்த மூன்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியிருந்தால் பள்ளிப் பிள்ளைகூடக் கண்டுபிடித்திருக்கும். கரை அளந்தவரின் தாள் ஒரு பக்கம், கருவி பொருத்தியவரின் தாள் இன்னொரு பக்கம், புரோகிராம் எழுதியவரின் தாள் மூன்றாவது பக்கம் என்று இருந்தால் கண்டுபிடிக்க வழியில்லை.

இரண்டாவது, லாஜிக். இரண்டு ப்ரோப்பில் எது தொட்டாலும் பம்பை நிறுத்து என்று இருக்க வேண்டியதை, இரண்டும் தொட்டால்தான் நிறுத்து, அதுவும் ஒரு நிமிடம் தொடர்ந்து தொட்டிருந்தால்தான் நிறுத்து என்று மாற்றியிருந்தார்கள். காரணம் எளிது. வேண்டாத நேரத்தில் சும்மா நின்று தொல்லை கொடுக்கக் கூடாது. லேடரில் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு தொடுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வைப்பது, அவ்வளவுதான். ஆனால் அதன் கணக்கைப் பிள்ளைகளிடம் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். ஒரு ப்ரோப் தேவையான நேரத்தில் பேசாமல் இருந்துவிட நூற்றில் ஒரு வாய்ப்பு என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். எது சொன்னாலும் நிறுத்து என்றால், இரண்டும் ஒன்றாகப் பேசாமல் போக வேண்டும், அதற்குப் பத்தாயிரத்தில் ஒன்று. இரண்டும் சொன்னால்தான் நிறுத்து என்றால், எது பேசாமல் போனாலும் காவல் போயிற்று, அதற்கு ஏறத்தாழ நூற்றில் இரண்டு. அதே இரண்டு ப்ரோப், அதே செலவு, பாதுகாப்பு இருநூறு மடங்கு குறைந்தது, ஒரே ஒரு ப்ரோப் வைத்திருப்பதைவிடவும் மோசமாயிற்று. சும்மா நிற்பதும் கூடாது, காவலும் குறையக் கூடாது என்றால் அதற்கு வழி மூன்று ப்ரோப் வைத்து மூன்றில் இரண்டு சொன்னால் நிறுத்துவது, அதில் தவறும் வாய்ப்பு பத்தாயிரத்தில் மூன்று. இந்தக் கணக்கும்கூட மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் பழுதானால்தான் செல்லும், ஒரே கட்டில் கட்டினால் செல்லாது.

டிசம்பர் 14 விடிகாலையில் இவை எல்லாம் ஒன்றாகக் கூடின. அந்த நேரத்தில் மலை மேலே ஆள் இல்லை, நிலையத்தைத் தொலைவிலிருந்துதான் இயக்கினார்கள். திரை கடைசிவரை 1594-க்குக் கீழேதான் காட்டியது, இன்னும் இடம் இருக்கிறது என்று பம்பு ஏற்றிக்கொண்டே இருந்தது. சுவர் வழிந்து, சுவரின் அடி அரித்து, ஏறத்தாழ 200 மீட்டர் அகலத்துக்குக் கரை போனது. வெளியேறியது சுமார் 190 மில்லியன் கன அடி. வைகை அணையின் 6,091 மில்லியன் கன அடிக்கு முன்னால் அது கொஞ்சம்தான், ஆனால் மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கியதால் உச்சத்தில் விநாடிக்கு இரண்டரை லட்சம் கன அடிக்கு மேல் போயிற்று. கீழே இருந்த மாநிலப் பூங்காவின் கண்காணிப்பாளர் வீடு அடித்துச் செல்லப்பட்டது. அவரும் மனைவியும் மூன்று சின்னப் பிள்ளைகளும் இருட்டில், டிசம்பர் குளிரில், தண்ணீரோடு போனார்கள். ஐந்து பேரும் பிழைத்தார்கள். பூங்காவின் முகாம் இடம் குளிர்காலமானதால் காலியாக இருந்தது. கோடை விடுமுறையில் அங்கே கூடாரம் போட்டுக் குடும்பம் குடும்பமாகப் படுத்திருப்பார்கள். பலி இல்லை என்பதற்குக் காரணம் மாதம், நாம் செய்த எந்தப் பாதுகாப்பும் இல்லை. கூட்டரசு எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விசாரித்தது, நிறுவனம் 1.5 கோடி டாலர் கட்டியது, மாநிலத்துக்குக் கொடுத்தது தனி.

அதே கேள்வி, ஒரு பாய்லரில்

மதுரைக்கு வெளியே ஓர் ஆலைக்கு நாங்கள் பாய்லர் பேனல் செய்து கொடுத்திருந்தோம். தண்ணீர் குறைந்தால் பர்னரை நிறுத்த இரண்டு ப்ரோப்கள், எது சொன்னாலும் நிறுத்தும். பாய்லரில் தண்ணீர் குறைந்து தீ எரிந்துகொண்டே இருந்தால் குழாய் பழுத்து வெடிக்கும், பக்கத்தில் நிற்பவர் தப்பமாட்டார். ஆலைக்காரர் போன் செய்தார்.

"தம்பி, ராத்திரி ஷிப்டுல சும்மா சும்மா நின்னுருது. ரெண்டு ப்ரோபும் தண்ணி இல்லன்னு சொன்னா மட்டும் நிறுத்துற மாதிரி மாத்தி விட்ருங்க. உங்களுக்கு அஞ்சு நிமிச வேல."

"அண்ணே, அஞ்சு நிமிசந்தான். ஆனா அப்புறம் ஒண்ணு பொய் சொன்னாலே தீ நிக்காது. எது நிறுத்துதுன்னு வந்து பாத்துர்றேன், அப்புறம் பேசுவோம்."

போய்ப் பார்த்தோம். நிறுத்தியது எப்போதும் ஒரே ப்ரோப். கழற்றினால் நுனி முழுக்க வெள்ளையாக உப்புப் படிவு, தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தும் மின்சாரம் கடக்கவில்லை. ஆழ்குழாய்த் தண்ணீர், கடினத்தன்மை அதிகம், அதை மென்மையாக்கும் கருவிக்கு உப்புப் போட்டுப் புதுப்பிப்பதை யாரோ நிறுத்திவிட்டிருந்தார்கள். அதே படிவு குழாய்களுக்கு உள்ளேயும் ஏறிக்கொண்டிருக்கும், அது தனி ஆபத்து. தொல்லை என்று நினைத்த நிறுத்தம் உள்ளபடி ஒரு நல்ல செய்தியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. லாஜிக்கை மாற்றியிருந்தால் செய்தியும் போயிருக்கும், காவலும் போயிருக்கும்.

இந்த ப்ரோப்களில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, பிள்ளைகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பாய்லரில் தண்ணீர் தொட்டிருப்பது நல்ல நிலை, மின்சுற்று மூடியிருக்கும். ஒயர் அறுந்தால் சுற்று திறக்கும், தண்ணீர் இல்லை என்று பொருளாகி பர்னர் நிற்கும். பழுதானால் பாதுகாப்பான பக்கம் விழுகிறது. மேல்மட்டக் காவலுக்கு அதே ப்ரோப்பை வைத்தால் தண்ணீர் தொடாதது நல்ல நிலை, சுற்று திறந்திருக்கும், ஒயர் அறுந்தாலும் எலி கடித்தாலும் அதே நல்ல நிலைதான் தெரியும், யாருக்கும் தெரியாது. கருவி ஒன்றேதான், வைக்கிற இடத்தைப் பொறுத்து பழுது சத்தம் போடும் அல்லது ஊமையாகிவிடும். ஊமையாகிற இடத்தில் ஒயரைக் கண்காணிக்கத் தனியாக ஏற்பாடு வேண்டும், இல்லையென்றால் அடிக்கடி சோதித்தே ஆக வேண்டும். ஆலைப் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 61511 தரநிலை உற்பத்தியை ஓட்டும் கட்டுப்பாட்டையும் காப்பாற்றும் கட்டுப்பாட்டையும் பிரித்து வைக்கச் சொல்வதும், காலமுறைச் சோதனையைக் கட்டாயமாக்குவதும் இதற்காகத்தான்.

சோதனை என்றால் பேனலில் ஒயரை முறுக்கிப் பார்ப்பது போதாது. டாம் சாக்கில் இரண்டு ப்ரோப்களின் ஒயர்களையும் பேனலில் ஒரு நிமிடத்துக்கு மேல் முறுக்கி இணைத்து வைத்திருந்தால் பம்பு நின்றிருக்கும், சோதனை வெற்றி என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பகல் வெளிச்சத்தில் ஆள் நிறுத்தி, தண்ணீரையே மெதுவாக ப்ரோப்வரை ஏற்றிச் சோதிக்க முயன்றிருந்தால், ப்ரோப்பைத் தொடுவதற்கு முன்னால் சுவர் ஓரத்தில் ஈரம் தெரிந்திருக்கும்.

மேல் தேக்கத்தை அவர்கள் மறுபடி கட்டினார்கள், 2010-ல் ஓடத் தொடங்கியது. இந்த முறை கொட்டிய பாறை இல்லை, உருளை கொண்டு இறுக்கிய கான்கிரீட். கண்ணால் பார்க்கக் கேமராக்கள் வைத்தார்கள். கலுங்கும் வைத்தார்கள். நம் ஊரிலோ கலுங்கு இருந்தும் இன்னும் ஒரு சாண் தண்ணீர் நிற்கட்டும் என்று மணல் மூட்டை அடுக்கி அடைக்கிறவர்கள் உண்டு. லாஜிக்கை மாற்றச் சொல்லி வரும் போனும் அதே கைதான் என்று பிள்ளைகளிடம் சொல்வேன், அடைக்கிறவர் கெட்டவர் கிடையாது, அவருக்கு வயல் காய்கிறது, நாம்தான் வேறு வழி காட்ட வேண்டும்.

அந்த பாய்லரில் ப்ரோப்களைச் சுத்தம் செய்து, தண்ணீர் கொதித்துத் துள்ளும்போது நொடி நேரம் தொடுப்பு விடுவதற்காகச் சில விநாடித் தாமதம் மட்டும் வைத்தோம். அந்தத் தாமதம் முடிவதற்குள் தண்ணீர் ஆபத்தான மட்டத்துக்கு இறங்க முடியாது என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கைப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். வாரம் ஒரு முறை ஷிப்ட் ஆபரேட்டர் தண்ணீரை மெதுவாக இறக்குகிறார், கண்ணாடிக் குழாயில் குறித்த கோட்டுக்கு மேலேயே பர்னர் நிற்கிறதா, எந்த ப்ரோப் முதலில் சொன்னது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். மூன்றாவது ப்ரோப் வைக்க ஆலைக்காரர் சம்மதித்துவிட்டார். பாய்லரில் மற்ற இரண்டும் பொருத்தியிருக்கும் இடத்தில் வைக்காமல் அதற்குத் தனித் துளை எடுக்க வேண்டும், பாய்லரில் அப்படிக் கைவைக்கக் கொதிகலன் இயக்ககத்தின் அனுமதி வேண்டும், விண்ணப்பம் போயிருக்கிறது. அனுமதி வருகிறவரை இரண்டில் எது சொன்னாலும் நிறுத்து என்ற லாஜிக்தான் ஓடும்.